கார்டு செருகியதும் என்ன நடக்கிறது?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய நெட்வொர்க் கார்டை, ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் யூனிடெக் கல்லூரிக்குப் படிக்கப்போன நம் பிள்ளை அங்கே வாங்கிய கணினியில் மாட்டினால் வேலை செய்யுமா? செய்யும். இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பொது விதிமுறைக்குக் கட்டுப்பட்டவை. அதை வடிவமைத்தவர்களில் ஒருவர், வடோதராவில் படித்து இன்டெல்லில் பணியாற்றிய அஜய் பட்.

நியூசிலாந்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஆக்லாந்துக்குத் தெற்கே ஹாமில்டனில் இருக்கிறது வைகாட்டோ பல்கலைக்கழகம். இணையத்தில் தகவல் பொட்டலங்கள் எந்த நொடித்துளியில் வந்து சேர்கின்றன என்று அளக்க அங்குள்ள ஆய்வாளர்கள் முயன்றார்கள். சாதாரணக் கணினியில் இயங்குதளம் கவனிக்கும்போதுதான் நேரம் பதிவாகும். அதற்குள் தாமதம் கூடிவிடும். எனவே, பொட்டலம் வந்த கணமே நேரத்தைப் பதிக்கும் 'டாக்' என்ற கார்டைத் தாங்களே உருவாக்கினார்கள். அதிலிருந்து 2001-இல் எண்டேஸ் நிறுவனம் பிறந்தது.

அன்று இத்தகைய கார்டுகளைச் செருகிய இடம், பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு முந்தைய பிசிஐ ஸ்லாட். அது நியூசிலாந்து கிராமப்புறத்தின் ஒற்றைத்தடப் பாலம் மாதிரி. விநாடிக்கு 133 மெகாபைட் கொள்ளளவை எல்லாக் கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 2003 வாக்கில் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கார்டுக்கும் தனித் தடங்களைக் கொடுத்தது. முதல் தலைமுறையில் ஒரு தடத்துக்கு, ஒரு திசையில், விநாடிக்கு 250 மெகாபைட். ஐந்தாம் தலைமுறையில் கிட்டத்தட்ட 4 ஜிகாபைட். கிராபிக்ஸ் கார்டு 16 தடம் கேட்கும். சின்ன நெட்வொர்க் கார்டுக்கு ஒன்றே போதும்.

கார்டின் அடிவிளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். தங்கமுலாம் பூசிய பட்டைகளுக்கு நடுவே ஒரு வெட்டு இருக்கும். அதற்கு முன்னால், பக்கத்துக்குப் பதினொன்றாக 22 பட்டைகள். மின்சாரம் ஏறுவது இந்தச் சிறு பகுதி வழியாகத்தான். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். தகவல் தடங்கள் வெட்டுக்கு அப்பால். ஓரிரு பட்டைகள் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். மற்றவை தொட்ட பிறகே அவை தொடும். கார்டு முழுதாக உட்கார்ந்துவிட்டது என்று மதர்போர்டுக்குச் சொல்ல விதிமுறை செய்திருக்கும் ஏற்பாடு அது.

மாட்டுவதற்குமுன், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். ஷட் டவுன் செய்தாலும் மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேபினட்டின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் சில ஆயிரம் வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்குச் 'சுரீர்' என்னும். சில்லுக்கு நூறு வோல்ட்டே ஆபத்து. கார்டின் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டில் கொக்கி இருந்தால் அது 'க்ளிக்' என்றதும் பின்பக்க ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

கணினியை இயக்கியதும் கார்டும் போர்டும் பேரம் பேசத் தொடங்கும். எத்தனை தடங்கள் சரியாகத் தொடுகின்றன என்று முதலில் சோதிக்கும். பிறகு முதல் தலைமுறை வேகத்தில் ஆரம்பித்து, இரண்டாலும் முடிந்த உச்ச வேகத்துக்கு ஏறும். தூசியாலோ சாய்வாலோ சில தடங்கள் தொடாவிட்டால் கார்டு முரண்டுபிடிக்காது. 16-க்குப் பதில் 8 தடத்தில் சத்தமில்லாமல் ஓடும்.

அதனால் கார்டு மந்தமாக இருந்தால் கடைக்காரரைத் திட்டுமுன் தட எண்ணிக்கையைப் பாருங்கள். விண்டோஸில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஜிபியு-இசட், லினக்ஸில் எந்தக் கார்டுக்கும் எல்எஸ்பிசிஐ காட்டும். வேலையில்லாதபோது கிராபிக்ஸ் கார்டு மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்வது வழக்கம். அதைக் கண்டு பதற வேண்டாம். தட எண்ணிக்கை குறைந்திருந்தால் போர்டின் கையேட்டைப் புரட்டுங்கள். பக்கத்து ஸ்லாட்டோடு தடங்களைப் பங்குபோடும் போர்டுகளும் உண்டு. அதுவும் இல்லையென்றால் கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி செருகுங்கள்.