வடியும் பட்டையைக் கண்டால் காத்திருக்காதீர்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டு 2004 நவம்பரில் வெளிவந்தது. அதில் எதிரி மந்திரம் ஓதத் தொடங்கினால் திரையில் ஒரு பட்டை தோன்றும். புதிதாக ஆட வருகிறவர்கள் பட்டை வந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். அது நிறைகிறதா, வடிகிறதா என்று பார்ப்பதில்லை. மந்திரத்தை எப்போது வெட்டலாம், அதாவது நடுவிலேயே தடுக்கலாம், என்பதைச் சொல்வதே அதுதான்.

நிறையும் பட்டை சாதாரண மந்திரத்துக்கு உரியது. ஃப்ராஸ்ட்போல்ட் என்றால், பட்டை முழுதும் நிறைந்த பிறகே பனிக்கணை பறக்கும். மந்திரத்துக்குச் செலவாகும் சக்தியான மனாவும் அப்போதுதான் கழியும். கடைசிக் கணத்தில் தடுத்தாலும் முழுமையாகத் தடுத்ததாகவே கணக்கு.

வடியும் பட்டை சேனல் மந்திரத்துடையது. தொடங்கியதுமே மனா போய்விடும். பட்டை வடிய வடியப் பலன் தவணை தவணையாக இறங்கும். ஒவ்வொரு தவணையும் ஒரு ‘டிக்’. 2019இல் வந்த கிளாசிக் பதிப்பில் (கீழே வரும் எண்களும் அதற்குரியவையே) வார்லாக்கின் டிரெயின் லைஃப் 5 நொடி ஓடும். நொடிக்கு ஒருமுறை உங்கள் உயிரை உறிஞ்சி அவருக்குச் சேர்க்கும். நான்காவது டிக் விழுந்தபின் கிக் (மந்திரத்தை வெட்டும் ரோக்கின் அடி) அடித்தால் மிச்சப்படுவது ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் சேனலை வெட்டுவதென்றால் முதல் டிக்குக்கு முன்பே வெட்ட வேண்டும்.

தயங்கவும் காரணமில்லை. சாதாரண மந்திரத்தில் கெட்டிக்காரர்கள் பாதி ஓதித் தாங்களே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பதறி அடிக்கும் கிக் வீணாகும். ரோக் அடுத்த கிக்குக்கு 10 நொடி காத்திருக்க வேண்டும். அந்த ஏமாற்றில் அவர்களுக்கு மனா செலவில்லை. சேனலில் அதே வேலையைச் செய்தால் மனாவும் போகும், மீண்டும் ஓதும்வரை காத்திருக்க வேண்டிய நேரமான கூல்டவுனும் ஓட ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால், வெட்டுவதற்கு இதைவிடச் சிறந்த இலக்கு கிடையாது: மேஜின் எவோகேஷன். 8 நொடி ஓதி வற்றிய மனாவை நிரப்பிக்கொள்ளும் சேனல் அது. கூல்டவுன் 8 நிமிடம். தொடங்கியதும் வெட்டிவிட்டால் அந்தச் சண்டை முடியும்வரை அது அவருக்குத் திரும்பக் கிடைப்பது அரிது. ட்ரூயிட் தன் கூட்டத்தையே குணப்படுத்தும் டிராங்குயிலிட்டியும் இந்த ரகம்தான்.

எல்லாச் சேனல்களும் கிக்குக்குத் தகுதியானவை அல்ல. ப்ளிஸார்டு தரையில் பொழியும் பனி; விலகி நடந்தால் போதும். ப்ரீஸ்ட்டின் மைண்ட் ஃப்ளே 3 நொடி ஓடி 3 டிக்கோடு முடிந்துவிடும். மேலும், கிக் விழுந்தால் வெட்டப்பட்ட மந்திரத்தின் வகை மட்டுமே 5 நொடி பூட்டிக்கொள்ளும். ஹோலி மந்திரங்களை முடக்கும் ஷேடோஃபார்ம் எடுக்காத ப்ரீஸ்ட்டின் மைண்ட் ஃப்ளேயை வெட்டினால் பூட்டுவது ஷேடோ வகை. குணப்படுத்தும் ஹோலி வகை திறந்தே இருக்கும். அடுத்த கணமே அவர் தன்னைக் குணப்படுத்தத் தொடங்குவார், உங்களிடம் கிக் இருக்காது. மேஜின் ஆர்கேன் மிசைல்ஸ் அப்படியல்ல. அதை வெட்டினால் உங்களை ஆடாக்கும் பாலிமார்ஃபும் தப்பி ஓட உதவும் பிளிங்கும் சேர்ந்தே பூட்டும்.

இதைப் படித்துமட்டும் பழக முடியாது. மேஜ் ஆடும் நண்பர் ஒருவரை ஆர்க்ரிமார் கோட்டை வாசலுக்கு டூயலுக்குக் கூப்பிடுங்கள். அவர் மனா தீரும்வரை கிக்கைக் கையிலேயே வைத்திருங்கள்.