தோட்டத்து வாசலும் ஒரு சைக்கிளும்

தோட்டத் தமிழர்களுக்கு ஒன்றுசேரத் தெரியாது என்ற பழிச்சொல் மலேசியாவில் தலைமுறைகளாக உலவுகிறது. கோல சிலாங்கூர் தொடங்கி தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் வழியாகச் சபாக் வரையுள்ள சிலாங்கூர் ஊர்களைப் பற்றிய இத்தொடரில் அந்தப் பழியை ஒருமுறையாவது நேராக எடுத்துப் பேசியாக வேண்டும். தோட்டங்களில் ஒத்த மனத்தார் ஒருவரையொருவர் கண்டடையாமல் போனதற்குக் காரணம் அவர்களிடையே இருந்த வழிகள் அடைபட்டுக் கிடந்ததுதான் என்பது என் துணிபு. அடைப்பு கொஞ்சம் விலகிய காலங்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் மூண்டு சிலாங்கூரின் மற்ற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கூலிதான் முதல் கோரிக்கை. சீனத் தொழிலாளிக்குக் கிடைத்தது இந்தியத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. உற்றாரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். கூடவும் பேசவும் உரிமை வேண்டும். துரையோ உத்தியோகத்தரோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவில் இறங்கியவர்கள், பக்கத்துத் தோட்டத்து நண்பன் வாசலைத் தாண்டி வரும் உரிமையையும் அதே மூச்சில் கேட்டிருக்கிறார்கள். தோட்டம் தனியார் நிலம். யார் உள்ளே வரலாம் என்பது நிர்வாகத்தின் கையில் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொடங்கி மாலையில் வரிசைவீடுகளான லயத்துக்குத் திரும்பும் வரை கங்காணியின் பார்வையில் வாழ்ந்த மனிதனுக்கு, அடுத்த தோட்டத்துக்குத் தன் விருப்பப்படி போய்வர உதவியது சைக்கிள். அதிலிருந்து இறங்கு என்று சொல்வது அவன் எங்கே போகிறான் என்று கேட்பதற்குச் சமம்.

இதெல்லாம் வெளியார் தூண்டுதல் என்று அன்றைய அரசு சொன்னது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனைக் கைதுசெய்து நாடுகடத்தியது. மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையையும் இறக்கியது. தொழிலாளர்கள் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தில் நாதனைப் போன்ற படித்தவர்கள் முன்னின்றது உண்மைதான். ஆனால் சைக்கிள் கோரிக்கையைப் பட்டணத்து வாசி கற்பனை செய்து எழுதியிருக்க முடியுமா? அது அன்றாடம் இறங்கி நின்றவனின் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இன்னொரு மறுப்பும் உண்டு: லயத்தில் சுவரோடு சுவராக நூறு குடும்பங்கள், கோயில் திருவிழாவுக்கு ஊரே கூடும், இதற்கு மேல் என்ன சந்திப்பு? பக்கத்தில் இருப்பதும் ஒரே எண்ணம் கொண்டிருப்பதும் ஒன்றல்ல. லயம் நிர்வாகம் ஒதுக்கிய இடம். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் சாதியும் கங்காணியின் செல்வாக்கும் புகுந்துவிடும். புத்தகம் படிக்கும் ஒருவன் தன்னைப் போன்ற இன்னொருவனைத் தேட வேண்டுமானால் லயத்துக்கு வெளியேதான் தேட வேண்டியிருந்தது.

அந்தத் தேடலுக்குப் போருக்குப் பின் ஒரு கருவி கிடைத்தது: பத்திரிகை. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் நடத்திய கதை வகுப்பில், முகம் பார்த்திராதவர்கள் சக மாணவர்கள் ஆனார்கள். கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ தொடங்கிய மாணவர் மணிமன்றம் இதைவிட ஆழமாக வேரோடியது. பிள்ளைகளுக்கான பக்கமாகப் பிறந்தது. பெயர் அச்சில் வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடினார்கள். ஊருக்கு ஊர், தோட்டத்துக்குத் தோட்டம் மன்றங்கள் எழுந்தன. அவை பிறகு தமிழ் இளைஞர் மணிமன்றங்களாகவும் நாடு தழுவிய பேரவையாகவும் வளர்ந்தன. சிங்கப்பூரில் அச்சான தாள் ஒன்று பால்மரக் காட்டுக்குள் இத்தனை பேரை எழுப்பியதென்றால், கூடும் ஆசை அங்கே ஏற்கெனவே இருந்தது என்றுதானே பொருள்?

இன்று கையில் கைப்பேசி இருக்கிறது, வாசலில் தடுப்பாரும் இல்லை, இனி என்ன குறை என்று கேட்கலாம். ஆளைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது என்பதை ஏற்கிறேன். ஆனால் மன்றம் நிலைத்தது வாரந்தோறும் கூடுவதற்கு இடம் இருந்ததால்தான். பல இடங்களில் அது தோட்டப் பள்ளியாக இருந்தது, ஆசிரியர் அதன் உயிராக இருந்தார். அந்தத் தோட்டங்கள் இன்று மாறிவிட்டன. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக உருவான தென்னமரம் இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட தோட்டங்களில் இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் இளைஞர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் போய்விட்டார்கள், அங்கே அடுக்குமாடிகளில் சிதறி வாழ்கிறார்கள். தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் கேட்டுப் போராடுகிறோம், அது நியாயம். மன்றத்துக்கு ஓர் அறை, நான்கு நாற்காலி, ஒரு புத்தக அலமாரி என்ற கோரிக்கை அந்த மனுவில் ஏறுவதே இல்லை. 1941இன் பட்டியலை எழுதியவர்கள் அதை விட்டிருக்க மாட்டார்கள்.