மின்சார ஹீட்டர்: வாங்கும் விலையும் ஓடும் செலவும்

நீலகிரியில் உறைபனி விழும் மாதங்கள் வந்துவிட்டால், காய்கறி பயிரிடுவோரும் தேயிலைச் சிறு விவசாயிகளும் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த ஹீட்டர் குறைந்த செலவில் ஓடும்? சமவெளியிலுள்ள நெசவாள அங்கத்தினர்கள் இதே கேள்வியை வேறு காரணத்திற்காகக் கேட்கிறார்கள். அடைமழையில் கஞ்சியிட்ட பாவு உலராமற்போகும்போது ஹீட்டரை வைத்து உலர்த்தலாமா என்பது அவர்களுடைய யோசனை. இரு சாராருக்கும் விடை ஒரே கணக்கிலிருந்தே பிறக்கிறது.

1000 வாட் சக்தியுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். அந்த ஒரு யூனிட் தரும் உஷ்ணம் 860 கிலோகலோரி. 14 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஹீட்டரின் விலை ஆயிரம் ரூபாயானாலும் பத்தாயிரமானாலும் ஒரு யூனிட்டிலிருந்து இதற்கு மேல் பெற முடியாது. இதற்குக் குறைவாகவும் பெறுவதில்லை. விசிறி ஹீட்டரின் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரமும், குவார்ட்ஸ் குழாயின் சிவந்த ஒளியும் முடிவில் அறைக்குள்ளேயே உஷ்ணமாகிவிடுகின்றன. ஆகவே "இந்த ஹீட்டர் கரண்டைச் சேமிக்கும்" என்று கடைக்காரர் சொல்லும்போது, எவ்வாறு சேமிக்கும் என்று கேட்பது நம் உரிமை.

எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரைப் பற்றியே இப்பேச்சு மிகுதியாக வழங்குகிறது. சுவிட்சை அணைத்த பின்னும் அது அரைமணி நேரம் சூடாக இருப்பதால் அந்த உஷ்ணம் இலவசம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சுவிட்சைப் போட்டதும் எண்ணெய் சூடேறும் வரையில் அறை குளிர்ந்தே இருந்ததல்லவா? அப்போது உள்ளே சென்ற மின்சாரமே பின்னர் வெளிவருகிறது. சங்கத்தில் போட்ட வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுவது போன்றது இது. வட்டி மட்டும் கிடையாது. இரவு முழுவதும் ஒரே சீரான சூடு வேண்டுவோருக்கும், குழந்தைகளும் முதியோரும் உறங்கும் அறைக்கும் அது நல்ல கருவிதான். சத்தமில்லை, செந்தணல்போல் எரியும் கம்பியில்லை. ஆனால் சிக்கனம் அதன் குணமென்று கொள்வதற்கில்லை.

செலவைக் கணக்கிடுவோம். எளிமைக்காக யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் விசிறி ஹீட்டர் 8 மணி நேரம் இடைவிடாது ஓடினால் 16 யூனிட், அதாவது 96 ரூபாய். 2000 வாட் ரேடியேட்டரில் தெர்மோஸ்டாட் என்னும் தானியங்கிக் கட்டுப்பாடு உண்டு. அது பாதி நேரம் மின்சாரத்தை நிறுத்தினால் 8 யூனிட், 48 ரூபாய். இதைப் பார்த்து ரேடியேட்டரே மலிவு என்று முடிவுகட்டினால் தவறு. அதே அறையில் தெர்மோஸ்டாட் உள்ள விசிறி ஹீட்டரை அதே அளவு சூட்டுக்குத் திருப்பி வைத்தாலும் ஏறத்தாழ அதே 8 யூனிட்தான் ஆகும். சேமிப்பது எண்ணெயன்று, கட்டுப்பாட்டுத் திருகு.

மெய்யான சேமிப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. அறை முழுவதையும் சூடேற்ற வேண்டுமா, ஆளைச் சூடேற்றினால் போதுமா? 400 வாட் குவார்ட்ஸ் குழாய் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கணக்கெழுதுகிறவருக்கு 1.2 யூனிட், 7 ரூபாய் 20 காசு ஆகும். அதன் கதிர் வெயில்போல நேரே உடலில் படுகிறது. நடுவிலுள்ள காற்று குளிர்ந்திருந்தாலும் கவலையில்லை. படுக்கையில் விரிக்கும் மின்கம்பளம் 80 வாட் என்றால், 8 மணி நேரத்திற்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவே. இது குளிரில் நடுங்கும் முதியவருக்கு நூறு ரூபாய் வேலையை நான்கு ரூபாயில் செய்கிறது. குளிரூட்டும் ஏ.சி. இயந்திரத்திலேயே சூடாக்கும் வசதியுள்ளவை வெளிக்காற்றிலிருந்தும் உஷ்ணத்தை எடுப்பதால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சூடு தரும். விதிக்கு இது ஒன்றே விலக்கு. ஆயின் அதன் விலையும் பொருத்தும் செலவும் பெரியவை.

மற்றொன்றையும் மறத்தலாகாது. தமிழகத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக உயர்வது. 2016ஆம் ஆண்டு மே மாதம் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆணையானதும் யாவரும் அறிந்ததே. ஹீட்டர் இல்லாமல் 180 யூனிட் செலவிடும் வீட்டில், நாளொன்றுக்கு 8 யூனிட் வீதம் 60 நாள் ஹீட்டர் ஓடினால் 480 யூனிட் கூடி 660 ஆகிறது. அந்த 480 யூனிட்டும் மேற்படிகளில் உட்காருகிறது. ஆகையால் பழைய ரசீதின் சராசரி விலையைக் கொண்டு ஹீட்டரின் செலவைக் கணித்தால் ஏமாற்றமே மிஞ்சும். கடைசிப் படியின் விலையைக் கொண்டு கணிக்க வேண்டும்.

இனி நெசவாளர்க்கு. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் உஷ்ணம் தேவை. பாவில் 3 கிலோ நீர் தங்கியிருந்தால் குறைந்தது 2 யூனிட். சூட்டின் பெரும்பகுதி சுவருக்கும் கூரைக்கும் போய்விடுவதால் இது இரண்டு மூன்று மடங்காகலாம். மூடிய அறையில் காற்று ஈரத்தால் நிறைந்ததும் உலர்வது நின்றுவிடும். மாறாக, 60 வாட் மேசை விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் 0.6 யூனிட்தான். எதிரெதிர் சாளரங்களைத் திறந்து விசிறியை வைப்பதே முதல் வழி. மழை ஓயாமல் காற்றே நனைந்திருக்கும் நாளில் மட்டும் சிறிது சூடு துணைசெய்யும். நூலுக்கருகில் செந்தணல்போல் எரியும் ஹீட்டரை வைக்கவே கூடாது. பஞ்சுத் தூசி பற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

2000 வாட் ஹீட்டர் 230 வோல்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்கான 6 ஆம்பியர் துளையில் அதைச் சொருகினால் துளையும் ஒயரும் உருகும். 16 ஆம்பியர் துளையும் நில இணைப்பும் அவசியம். வோல்டேஜ் 200க்கு இறங்கும் குக்கிராமங்களில் ஹீட்டர் முக்கால் பங்கு சூடே தரும். யூனிட்டும் அதே அளவில் குறைவதால் நஷ்டமில்லை, அறை சூடேறத்தான் தாமதமாகும்.

செலவுக்கு அஞ்சி, கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்போர் உண்டு. கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை, உறங்குகிறவர் விழிப்பதில்லை. உதகையிலும் கொடைக்கானலிலும் இவ்வாறு உயிர்போன செய்திகள் பலமுறை நாளிதழ்களில் வந்துள்ளன. கதவின் அடியிலுள்ள சந்தைப் பழைய சாக்கால் அடைப்பதும், தகரக் கூரையின் கீழ் ஒரு தட்டி அடிப்பதும் மலிவான வழிகளே. ஆனால் அவ்வாறு அடைத்த அறையில் தணல் எதுவும் இருக்கலாகாது.

ஹீட்டர் வாங்கியவர் அதன் மேலெழுதிய வாட்டை நம்ப வேண்டியதில்லை. மின்சார மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். அது 3200 என்று கொள்வோம். மற்ற யாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டு, சிறு செவ்விளக்கு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை மின்னுகிறதென்று எண்ணுக. 80 முறை மின்னினால் அது 1500 வாட்.