பாதுகாப்பான வீதிகளும் துவிச்சக்கர வண்டிப் பயணமும்

துவிச்சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர்களிற் பலர் நகர வீதிகளில் அதனை ஓட்டத் தயங்குகின்றனர். விரைந்து செல்லும் வாகனங்கள் பற்றிய அச்சமே இதற்கு முதன்மையான காரணம். ஆகவே, துவிச்சக்கர வண்டிப் பயணத்தை ஊக்குவிக்க விரும்பும் நகரம் முதலில் தன் வீதிகளைப் பாதுகாப்பானவையாக மாற்ற வேண்டும். இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகள் இதற்கெனக் கையாளும் சில வழிமுறைகள் வருமாறு.

வேகக் குறைப்பு
மணிக்கு 20 மைல் வேகத்தில் செல்லும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட பின் நிற்பதற்கு ஏறத்தாழ 12 மீற்றர் தேவைப்படும் என வீதி ஒழுங்கு விதிக்கோவை கூறுகிறது. 30 மைல் வேகத்தில் இத்தூரம் 23 மீற்றர். 15 மீற்றர் தொலைவில் ஒரு பிள்ளை வீதியில் இறங்கினால், முதலாவது கார் நின்றுவிடும், இரண்டாவது நிற்காது.

தனிப் பாதைகள்
வெள்ளைக் கோடு வாகனத்தைத் தடுக்காது. எனவே, போக்குவரத்து மிகுந்த பிரதான வீதிகளில் துவிச்சக்கர வண்டிப் பாதைகள் கல்வரம்பினால் பிரிக்கப்படுகின்றன.

குறுக்குவழிப் போக்குவரத்தைத் தடுத்தல்
குடியிருப்பு வீதியின் ஒரு முனையில் கம்பங்களோ பூச்சாடிகளோ வைக்கப்படும். எல்லா வீடுகளுக்கும் காரிற் செல்லலாம். ஆனால் அவ்வீதியை ஊடறுத்துச் செல்ல இயலாது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977ஆம் ஆண்டிலேயே தன் மையப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் காரிற் செல்வோர் சுற்றுவீதியையே பயன்படுத்த வேண்டியதாயிற்று. துவிச்சக்கர வண்டிகளுக்கோ நேர்வழி திறந்திருந்தது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தபோதும் திட்டம் நிலைத்தது. இன்று அந்நகரம் துவிச்சக்கர வண்டிகளுக்குப் பெயர்பெற்றது.

பாடசாலை வீதிகள்
பாடசாலை தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் அதன் வாயிலை அண்டிய வீதி வாகனங்களுக்கு மூடப்படும். அவ்வீதியில் வசிப்போருக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

குடியிருப்பாளர்களின் பங்கு
இம்மாற்றங்களால் சிலருக்குச் சிரமமும் ஏற்படலாம். கடைக்குப் பொருள் இறக்குவோர், முதியோரைப் பராமரிக்க வருவோர் ஆகியோரின் பயணம் நீளக்கூடும். இதனாலேயே பல திட்டங்கள் முதலில் பரீட்சார்த்தக் கட்டளையின் கீழ் நடைமுறைக்கு வருகின்றன. இக்கட்டளை அதிகபட்சம் 18 மாதங்களே செல்லுபடியாகும். அது நடைமுறைக்கு வந்த முதல் 6 மாதங்களுக்குள், அதனை நிரந்தரமாக்குவதற்கு எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் எழுத்தில், காரணங்களுடன் அமைய வேண்டும். ஆதரவுக் கருத்துகளையும் அனுப்பலாம்.

சாரதிகள் கவனத்துக்கு
2022 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிக்கோவையின்படி, 30 மைல் வரையான வேகத்தில் துவிச்சக்கர வண்டியைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீற்றர் இடைவெளி விடுதல் வேண்டும். சந்தியில் திரும்பும்போது, அவ்வீதியைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கு வழிவிடுதலும் வேண்டும். துவிச்சக்கர வண்டி ஓட்டுவோர் இரவில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரியவிடுவது சட்டப்படி கட்டாயமாகும்.