காட்டிக் கொடுக்கும் பல்!
வாந்தி எடுத்த உடனே பிரஷ்ஷைத் தொடாதீர்கள்

“டாக்டர், பல்லு கூசுது. பச்சைத் தண்ணிகூட குடிக்க முடியலை.”

இப்படிச் சொல்லிக்கொண்டு பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் சிலர், ஒரு ரகசியத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள். வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது. உயிர்த் தோழிக்கும் தெரியாது. வாய் அதைச் சொல்லாது.

ஆனால் பல் சொல்லிவிடும்!

அவசர அவசரமாக வயிறு முட்டச் சாப்பிடுவது. பிறகு, “ஐயோ, குண்டாகிடுவோமே” என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பது. திரும்பத் திரும்ப இதே கதை. இது திமிர் அல்ல, நோய். பெயர் புலிமியா. ‘மாட்டுப் பசி’ என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. நம் ஊர் ‘யானைப் பசி’ மாதிரி! லண்டன் மனநல டாக்டர் ஜெரால்டு ரஸ்ஸல் 1979-ல் இதைத் தனி நோயாக எடுத்து எழுதினார்.

ராஜா வீட்டையும் இது விடவில்லை. பல வருஷம் தனக்கு இந்த நோய் இருந்ததாக இங்கிலாந்து இளவரசி டயானாவே 1995-ல் பி.பி.சி. டெலிவிஷன் பேட்டியில் போட்டு உடைத்தார். பெண்களுக்கு அதிகம், ஆண்களுக்கும் வரும்.

தடயம் எங்கே?

பல்லின் மேல்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான். ஆனால் அமிலத்துக்கு முன்னால் நிற்காது. அமில அளவு சுமார் 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். வயிற்று அமிலமோ 1, 2 என்ற கணக்கு. எண் குறையக் குறைய அமிலம் கடுமை!

வாந்தியோடு வரும் அமிலம் மேல் முன்பற்களின் உள்பக்கத்தில்தான் அதிகம் படும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்ளும். அதனால் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். டாக்டர் சிறு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பல் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஓரம் மெலிந்து உடைந்திருக்கும். சொத்தைக்கு வைத்த அடைப்பு மட்டும் திட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல கன்னம் உப்புவதும் உண்டு.

போன எனாமல் திரும்ப முளைக்காது.

பிரஷ்ஷால் வரும் வினை

வாந்தி எடுத்ததும் நாற்றம் போக வேண்டும் என்று பரபரவெனத் தேய்க்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அமிலம் பட்ட எனாமல் அப்போது இளகிப் போயிருக்கும். தேய்த்தால் பிரஷ்ஷோடு வந்துவிடும். எலுமிச்சம்பழத்தைச் சப்புவதும், கலர் குடிப்பதும் அமிலத்துக்கு மேல் அமிலம்!

என்ன செய்யணும்?

* உடனே தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பினால் இன்னும் நல்லது.
* ஒரு மணி நேரம் பிரஷ் கூடாது.
* பிறகு மெத்தென்ற பிரஷ், புளோரைடு பேஸ்ட். செங்கல் பொடி, கரித்தூள் பக்கமே போகக் கூடாது.

மசக்கை வாந்தியில் அவதிப்படும் கர்ப்பிணிகளுக்கும் இதே யோசனைதான்.

உயிருக்கே ஆபத்து

பல்லைக் காப்பாற்றிவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் சத்து குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதே இனத்தைச் சேர்ந்த நோய் அனோரெக்சியா. எடைக்குப் பயந்து பட்டினி கிடப்பது. அதற்கு ஆளான அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-ல் இதயம் நின்று இறந்தார். வயது 32!

பேச்சு மூலமான மனநல சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. குணமானவர்கள் நிறையப் பேர். ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பல்லுக்கு, சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிரே அரசு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: திட்டாதீர்கள். “குண்டு, குண்டு” என்று கேலி பேசாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: பல் டாக்டரிடம் எப்படியும் வாயைத் திறந்து காட்டப் போகிறீர்கள். அப்படியே வாயைத் திறந்து சொல்லியும் விடுங்கள்!