ஆடும் உடல் – 14: கால் படிக்கிற வயது

கபடிக்காரரின் மூச்சுக்கட்டைப் போன வாரம் முடித்தாயிற்று. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தது புன்னைக்காயல் பையன்களின் கேள்வி.

தாமிரபரணி கடலில் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய மணலில் ஆட்டம் முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கேட்டான்: “அண்ணே, லெப்ரான் ஜேம்ஸ் ஃபுட்பாலுக்கு வந்தா தேறுவாரா?” கூடைப்பந்தின் பெரிய நட்சத்திரம். 2.06 மீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை, அந்த எடையோடும் அசாத்திய வேகம். லிவர்பூல் கிளப்போடு 2011 முதல் பங்காளி வேறு. தேறுவார் என்று ஒரு கட்சி. “அம்புட்டு உசரத்த வச்சிக்கிட்டு சட்டுனு திரும்ப முடியாதுலா” என்று இன்னொரு கட்சி.

பக்கத்தில் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் இளமையில் சங்கு குளித்தவர். அவர் குறுக்கிட்டார். “உசரம் கெடக்கட்டும் தம்பி. எத்தன வயசுல பந்த கால்ல தொட்டாருன்னு கேளு. நாங்க தண்ணிக்குள்ள கண்ண முழிச்சப்ப எங்களுக்கு ஏழு வயசு.”

இந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சின் பின்னால்தான் போனேன்.

தண்ணீருக்குள் கண் விழித்தால் எல்லாம் கலங்கித் தெரியும். ஒளியைக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது விழியின் முன்புறத்து ஒளிபுகு படலம். காற்றிலிருந்து ஒளி வரும்போதுதான் அது வேலை செய்யும். தண்ணீருக்குள் அந்தச் சக்தி போய்விடுகிறது. ஆனால் அந்தமான் கடலின் தாய்லாந்துப் பகுதித் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள், கண்ணாடி எதுவும் இல்லாமல் கடல் தரையிலிருந்து சிப்பியும் கடலட்டையும் பொறுக்குகிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் அங்கே போய் அவர்கள் பார்வையை அளந்தார். 2003இல் வெளியான முடிவு இது: தண்ணீருக்குள் மோக்கன் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுட்பமாகப் பார்க்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரியும். அந்தக் குழந்தைகள் அதை ஆன மட்டும் சுருக்குகிறார்கள், கண்ணின் வில்லையையும் முழுக்க முறுக்கிக்கொள்கிறார்கள். தானாக நடக்கும் என்று நாம் நம்பும் ஒன்றை அவர்கள் தம் வசப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

என்னை உட்கார விடாமல் செய்தது அடுத்து நடந்தது. ஸ்வீடன் குழந்தைகளுக்கும் தண்ணீருக்குள் பார்க்கும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார் கிஸ்லேன். சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, மாதங்கள் கழித்துச் சோதித்தபோது அவர்களும் மோக்கன் குழந்தைகளுக்குச் சமமாகப் பார்த்தார்கள். அப்படியானால் அந்தக் கண் பிறப்பில் வந்ததல்ல, படித்து வந்தது.

இதற்கு நேர் எதிரானது மண்ணீரல். இந்தோனேசியாவின் பஜாவ் மக்களும் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முங்குகிறவர்கள். 2018இல் மெலிசா இலார்டோவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுடைய மண்ணீரல் பக்கத்துக் கரையில் உழவு செய்யும் சலுவான் மக்களுடையதைவிட 50 சதவீதம் பெரியது. முங்கும்போது மண்ணீரல் சுருங்கி, தான் சேர்த்து வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் தள்ளும். அது பெரிதாக இருந்தால் கூடுதல் பிராணவாயு, கூடுதல் விநாடிகள். ஒருநாளும் முங்காத பஜாவ்காரர்களுக்கும் மண்ணீரல் பெரிதாகவே இருந்தது. மரபணுவிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

முத்துக்குளித்துறையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். கல்லைப் பற்றி இறங்கி, மேலே கயிறு பிடித்திருப்பவரை நம்பி, அடித்தரையைத் துழாவி, ஒரு நிமிடத்தை ஒட்டி மேலே வந்த அந்தத் தலைமுறையின் உடம்பு வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது. மிஞ்சியிருக்கும் சங்குகுளிக்காரர்களின் கண்ணையும் மண்ணீரலையும் யாராவது ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர் உடனே வந்து அளந்து வைக்க வேண்டும். தள்ளிப்போட இங்கே அவகாசம் இல்லை.

சரி, பந்துக்கு வருகிறேன். கூடைப்பந்து நட்சத்திரத்தின் உயரம் மண்ணீரல் வகை. பிறப்பில் வந்த சொத்து. பந்தைக் காலால் அடக்குவது கண் வகை. படித்து வர வேண்டியது. சில வாரங்களில் அது வராது என்பதுதான் வித்தியாசம். கை பிறந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. சோறு பிசைகிறது, எழுதுகிறது, பொத்தான் போடுகிறது. பதினைந்து வயதில் ஒருவர் கையில் பந்தைக் கொடுத்தால், பாதிப் பாடம் ஏற்கெனவே முடிந்திருக்கும். கால் பந்தோடு இருக்கிற நேரத்தில் மட்டும்தான் படிக்கிறது. அதனால்தான் பெரிய கிளப்புகள் ஆறு, ஏழு வயதிலேயே பிள்ளைகளைத் தேடிப் போகின்றன.

ஆட்டம் மாறியவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஹக்கீம் ஒலாஜுவான் லாகோஸில் கால்பந்து கோல்கீப்பராக, கைப்பந்து வீரராக இருந்தவர். கூடைப்பந்தைத் தொட்டது பதின்வயதில்தான். 1994, 1995 இரண்டு ஆண்டும் ஹூஸ்டன் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஸ்டீவ் நாஷ் கால்பந்துக் குடும்பத்துப் பிள்ளை. தம்பி மார்ட்டின் கனடாவுக்கே கால்பந்து ஆடியவர். நாஷ் கூடைப்பந்தில் 2005, 2006 இரு ஆண்டும் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர். நம் சுனி கோஸ்வாமி 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கால்பந்து அணியின் தலைவர். பிற்பாடு 1971–72இல் வங்காளக் கிரிக்கெட் அணியை ரஞ்சி இறுதி ஆட்டம்வரை அழைத்துப் போனார். எல்லாரும் கால்பந்திலிருந்து கையாட்டத்துக்குப் போனவர்கள். சிறுவயதில் பந்தை உதைக்காமல், கையாட்டத்திலிருந்து நேரே வந்து கால்பந்தின் முதல் வரிசையில் நின்ற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கையிலிருந்து கைக்கு மாறுவது வேறு கதை. சென்னையின் எம்.ஜே. கோபாலன் 1935இல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது; அவருக்கு அங்கே ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதே பயணத்தில் போன சி. ராமசாமி, டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர், நாற்பது வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்தார். மட்டை மாறியது, கை மாறவில்லை.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று ஆடுவதும் பெரும்பாலும் கையாட்டமே. கென்ட் ஸ்டேட் கல்லூரியின் கூடைப்பந்து நட்சத்திரமான அன்டோனியோ கேட்ஸ், கல்லூரியில் அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடாதவர். 2003இல் சார்ஜர்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 116 டச்டவுன், அவர் நின்ற இடத்தில் அதற்குமேல் யாரும் எடுத்ததில்லை. லெப்ரானும் பள்ளியில் அதை நன்றாக ஆடியவர். பையன்கள் கேட்டது அந்த ஆட்டத்தைப் பற்றி என்றால் தயங்காமல் தேறுவார் என்றிருப்பேன்.

நம் நாட்டில் பக்கத்து உதாரணம் பஞ்சாபின் சத்னாம் சிங். 2015இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தபோது, என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற இந்தியாவில் பிறந்த முதல் வீரர் ஆனார். ஏழு அடியைத் தாண்டிய உயரம். கூடைப்பந்தை விட்ட பிறகு அந்த உடம்பு போன இடம் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடை. உயரத்துக்கு அங்கே விலை உண்டு.

கால்பந்தில் இந்தச் சோதனையை உலகமே பார்க்க நடத்திக் காட்டியவர் உசைன் போல்ட். 2018இல் ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணியோடு பயிற்சிக்குப் போனார். நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய மனிதர். ஒரு பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல்கூடப் போட்டார். ஆனால் நவம்பரில் ஒப்பந்தம் இல்லாமல் திரும்பினார். அவர் காலில் இல்லாதது வேகமல்ல. பந்து வந்து சேரும் அந்த முதல் தொடுகை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கூடைப்பந்துக் களம் 28க்கு 15 மீட்டர். பத்துப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 42 சதுர மீட்டர். கால்பந்துக் களம் 105க்கு 68. இருபத்திரண்டு பேருக்குத் தலைக்குச் சுமார் 325. அங்கே இளைத்தால் வெளியே உட்கார்ந்து எழுந்து மறுபடி வரலாம். இங்கே வெளியே போனவர் போனவர்தான், தொண்ணூறு நிமிடத்தில் பத்துக் கிலோமீட்டரை ஓடித் தீர்க்க வேண்டும். புன்னைக்காயல் பையன்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு: மணலில் ஓட, கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். இவர்கள் தினமும் அந்தக் கூடுதல் விலை கொடுத்துத்தான் ஆடுகிறார்கள். குமரிக் கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். கால்பந்து வரை போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வயது வந்த பிறகு எதுவுமே படியாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ச்சுகலில் பிறந்த அன்றீக்கே அன்றீக்கஸ் பாதிரியார் இந்தியாவுக்கு வந்தது 1546இல், இருபதுகளின் நடுவில். அதற்கப்புறம் தமிழ் படித்து, புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு உழைத்து, 1578இல் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழில் அச்சேற்றினார். நாக்குக்கு அந்த வயது தடையாக இல்லை. உழைப்பு போதுமாக இருந்தது. கால் நாக்கைவிடப் பிடிவாதமானது.

ஒரே ஒரு இடம் மட்டும் பாக்கி: கோல்கம்பம். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், கையால் ஆட அனுமதி. லெப்ரானுக்கு வாய்ப்பிருந்தால் அங்கேதான், அதுவும் பதின்வயதில் வந்திருந்தால். கோல்கீப்பர்களை இந்த வாரமே எழுத நினைத்திருந்தேன். மோக்கன் குழந்தைகள் இடத்தை எடுத்துக்கொண்டார்கள், அவர்களைச் சுருக்க மனசு வரவில்லை. ஆகவே அடுத்த வாரம் 2.02 மீட்டர் யான் கொல்லர்: கோல்கீப்பராகப் பழகி, கோல் போடுபவராக மாறி, 2002இல் டோர்ட்முண்ட் அணிக்கு அவசரத்துக்குக் கம்பத்தில் நின்று பேயர்ன் அணிக்கு ஒரு கோலும் விடாதவர். இடம் மிஞ்சினால், யாழ்ப்பாணத்தின் 2.08 மீட்டர் தர்ஜினி சிவலிங்கமும் இலங்கை வலைப்பந்தும்.

(தொடரும்)