பழைய டார்ச் லைட்டுக்குப் புது வெளிச்சம்



நடுராத்திரியில் கரண்ட் வருகிறது. மோட்டார் போட வேண்டும், மடை திருப்ப வேண்டும். டார்ச் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்குகிறீர்கள். லைட்டோ மஞ்சளாக மினுக்குகிறது. காலடியில் கிடப்பது கயிறா, கட்டுவிரியனா என்று தெரியவில்லை. கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் இரவில்தான் அதிகம் நடமாடும். ஆகவே டார்ச் வெளிச்சம் சின்ன விஷயம் இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதற்காகப் பழைய லைட்டைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டியதில்லை. பல்பை மட்டும் மாற்றினால் போதும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

பழைய பல்புக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அது பழுத்துச் சிவந்துதான் வெளிச்சம் தருகிறது. கட்டையிலிருந்து போகும் சக்தியில் பெரும்பங்கு சூடாகவே வீணாகிறது. எல்.இ.டி. பல்பில் கம்பி கிடையாது. குறைந்த மின்சாரத்தில் பல மடங்கு வெளிச்சம் தரும். இதற்கு வழி திறந்தது நீல எல்.இ.டி.; அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். பழைய பல்பு சாதாரணமாக 0.3 ஆம்பியர் இழுக்கும். 0.1 ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. போட்டால், அதே கட்டை ஏறக்குறைய மூன்று பங்கு நேரம் வரும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் கட்டைகளை வெளியே எடுங்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? ஸ்பிரிங், மூடியின் மரை, பல்பின் அடி தொடும் தகடு, எல்லாவற்றையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பல சமயம் பல்பின் மேல் குற்றமே இராது. துருதான் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையோடு கொண்டு போங்கள். ஒன்று திருகு மரை உள்ளது, இன்னொன்று விளிம்பு உள்ளது. எது உங்களுடையதோ அதே அடிப்பாகம் வேண்டும். இரண்டு கட்டை லைட்டா, மூன்று கட்டை லைட்டா என்பதையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு கட்டைக்கு 1.5 வோல்ட். இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4.5 வோல்ட். இரண்டு கட்டைக்கான எல்.இ.டி.யை மூன்று கட்டை லைட்டில் போட்டால் கருகிப் போகலாம்.

மூன்றாவது, கட்டை போடும் திசை. பழைய பல்பு எப்படிப் போட்டாலும் எரியும். எல்.இ.டி. அப்படி இல்லை. கட்டையின் குமிழ் உள்ள முனை பல்பைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எரியாது. சில பல்பு கெட்டும் போகும்.

பல்பைப் போட்டதும் சுவரில் அடித்துப் பாருங்கள். பழைய பல்பு மாதிரி ஒரே கற்றையாகத் தூரம் போகாமல் வெளிச்சம் சற்று விரிந்து விழலாம். லைட்டின் தலையைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் வரப்பில் நடப்பவருக்கு விரிந்த வெளிச்சம்தான் நல்லது. பார்க்க வேண்டியது பக்கத்து ஊர்ப் பனைமரத்தை அல்ல, நம் காலடியை!

இரண்டு எச்சரிக்கை. வெளிச்சம் கூடும் என்று அதிக ஆம்பியர் உள்ள கம்பி பல்பைப் போடாதீர்கள். கட்டை சீக்கிரம் தீரும். பிளாஸ்டிக் குவளை சூட்டில் இளகவும் கூடும். அதேபோல, சார்ஜ் செய்கிற 3.7 வோல்ட் லித்தியம் கட்டையை இதில் போடாதீர்கள். இரண்டு போட்டால் 7 வோல்ட்டுக்கு மேல் போய் பல்பு கருகிவிடும்.

லைட்டைப் பல நாள் எடுக்க மாட்டோம் என்றால் கட்டைகளை வெளியே எடுத்து வையுங்கள். புதுக் கட்டையோடு பழைய கட்டையைச் சேர்க்காதீர்கள்.

வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது என்று வெறுங்காலோடு கிளம்பிவிடக் கூடாது. செருப்பும் கையில் ஒரு கோலும் எப்போதும் வேண்டும். அரை மணி நேர வேலை இது. இன்றைக்குப் பகலிலேயே செய்து முடியுங்கள். ராத்திரி மடை திருப்பப் போகும்போது பலன் தெரியும்.